47 வயதில் எபிரேயமும் தல்மூத்தும்: ஒரு வருடத்தைக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 47. வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று. கையில் ஒரு வருடமும் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து தமிழ் வேதாகமம் பழக்கம். இப்போது அந்த நூல்களையும் அவற்றுக்குப் பின்வந்த யூத நூல்களையும் மூலமொழியில், காலை முதல் மாலை வரை அதிலேயே கிடந்து படிக்க ஆசை. இந்த வயதில் மொழி ஏறுமா, ஜெருசலேம் போய்த்தான் ஆக வேண்டுமா, பேச்சு எபிரேயம் முதலா பழைய எபிரேயம் முதலா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், எபிரேய வேதத்தில் தமிழ்ச் சொல் இருக்கிறதாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நீங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: நல்ல மொழிபெயர்ப்புகள் கைபேசியிலேயே கிடைக்கும்போது, ஒரு முழு வருடத்தைக் கொடுத்து அதற்கு மேல் என்ன வாங்கப்போகிறேன்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஓர் இறையியல் கல்லூரியில் 18 ஆண்டுகள் பழைய ஏற்பாட்டு எபிரேயம் கற்பித்தவன். யூதன் அல்ல. 41ஆம் வயதில் ஒரு கோடைகால மொழி வகுப்புக்காக ஜெருசலேம் போய், அப்படியே தங்கி, ஓய்வுபெற்ற மருந்துக் கடைக்காரர் ஒருவரோடு எட்டு மாதங்கள், வாரம் மூன்று மாலை, யூத ரபிகளின் விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் படித்தேன். வேதாகம எபிரேயத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி இறங்கலாம். தல்மூத்தில் நான் கரையில் நின்று கால் நனைத்தவன், அவ்வளவுதான். பிற்காலச் சட்டத் தொகுப்புகள், யூத மறைஞானமான கப்பாலா பற்றியெல்லாம் பேச எனக்குத் தகுதியில்லை, அவற்றைத் தொடப்போவதில்லை.

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யூத மரபின் மிகப்பெரிய ஆசிரியர்களில் ஒருவரான ரபி அகீவா 40 வயது வரை எழுத்தறியாதவர் என்று பழைய கதை உண்டு. கிணற்றடியில் குழி விழுந்திருந்த கல்லைப் பார்த்து, இதை யார் குடைந்தது என்று கேட்டாராம். தினமும் விழுகிற தண்ணீர்தான் என்றார்களாம். நம் ஊரில் எறும்பு ஊரக் கல் தேய்கிறது, அங்கே தண்ணீர். அதன் பிறகு அவர் தன் மகனோடு வாத்தியாரிடம் போய், எழுதும் பலகையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை மகனும் பிடித்துக்கொண்டு ஆலெஃப், பேத் கற்றார்களாம். இது வரலாறா, புனைவா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் பலகையின் இரண்டு முனை என்ற அந்தக் காட்சியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன். என் வகுப்பறை அனுபவத்தில், இருபது வயதுப் பிள்ளைகள் வினை வாய்பாடுகளை ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது மூன்று வாரம் எடுக்கும். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இவன் ஏன் இப்படிப் பேசுகிறான் என்று கேட்டால் பெரியவர்கள்தான் சரியாகப் பிடிப்பார்கள். வீட்டில், அலுவலகத்தில் மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பெரியவர்களுக்கென்றே 1920இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு கல்விக்கூடம் திறந்த ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக், இது தலைகீழாகப் படிக்கும் படிப்பு என்றார். நூலிலிருந்து வாழ்க்கைக்கு வராமல், வாழ்க்கையிலிருந்து நூலுக்குப் போகிற படிப்பு. அங்கே வேதம் கற்பித்தவர்களில் ஒருவர் வேதியியலாளர். வங்கிக்காரர் வந்தால் யாரும் வியக்கப்போவதில்லை.

மொழி, நீங்கள் பயப்படும் அளவுக்கு மலை அல்ல. எழுத்து 22; அவற்றில் ஐந்து, சொல்லின் கடைசியில் வேறு வடிவம் எடுக்கும். இரண்டு வாரத்தில் படியும். எபிரேய வேதத்தில் ஏறத்தாழ 8,000 தனிச்சொற்கள் இருந்தாலும் 50 முறைக்கு மேல் வருபவை 650 அளவில்தான். அந்த 650ஐயும் வினையமைப்பையும் பிடித்துவிட்டால் உரைநடைப் பகுதிகள் திறந்துகொள்ளும். தமிழருக்கு ஒரு சௌகரியமும் உண்டு. 'வந்தேன்' என்பதற்குள்ளேயே 'நான்' ஒளிந்திருப்பது நமக்குப் பழக்கம். எபிரேய வினையும் அப்படித்தான். 'கடல்' என்பதில் வல்லென்று ஒலிக்கும் ககரம் 'அகம்' என்பதில் மெலிவதுபோல, எபிரேயத்திலும் சில எழுத்துகள் உயிருக்குப் பின் இளகிவிடும். ஆங்கிலேய மாணவர் விதியாக மனப்பாடம் செய்வதை நம் நாக்கு தானாகவே செய்கிறது. இடறுவது தொண்டையிலிருந்து வரும் ஒலிகளிலும் p, b, f என்று நாம் ஒரே எழுத்தில் அடக்கிப் பழகிய ஒலிகளிலும்தான்.

மூலத்தில் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வகுப்பில் நான் எப்போதும் காட்டும் இடம் ஏசாயா 5:7. தேவன் நியாயத்துக்குக் காத்திருந்தார், கிடைத்ததோ கொடுமை. நீதிக்குக் காத்திருந்தார், கேட்டதோ முறைப்பாடு. தமிழில் இது முரண். எபிரேயத்தில் இது செவியில் விழும் அறை. காத்திருந்தது 'மிஷ்பாத்', வந்தது 'மிஸ்பாஹ்'. காத்திருந்தது 'ட்ஸெதாகா', வந்தது 'ட்ஸெஆகா'. ஒரே ஓர் ஒலி பிறழ்ந்து நீதி ஓலமாகிவிடுகிறது. கேட்கும் கூட்டம் தான் எதிர்பார்த்த சொல்தான் வருகிறதென்று அரைக்கணம் நம்பி ஏமாந்திருக்கும். எனக்கு இன்றும் இந்த வரி புல்லரிக்கும்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன்: இதை அறிய நீங்கள் வேலையை விட்டிருக்க வேண்டியதில்லை. நான் மேலே எழுதியதுபோல ஓர் அடிக்குறிப்பு போதும். நல்ல உரைநூல் ஒன்றில் இப்படி ஆயிரம் குறிப்புகள் இருக்கும். அடிக்குறிப்பில் அடைக்க முடியாதது ஒன்று உண்டு, அது தல்மூத்தின் பக்கத்தைத் திறக்கும்போதுதான் புரியும்.

ஏறத்தாழ கி.பி. 200இல் ரபி யெஹூதா ஹநாசி தொகுத்தது மிஷ்னா: சுருக்கமான, தெளிந்த எபிரேயம், 63 பகுதிகள். அதன் மேல் பாபிலோனியாவில் தலைமுறை தலைமுறையாக நடந்த வாதம் கெமாரா. அது எபிரேயத்தின் உறவுமொழியான அரமேயம். ஆனால் முழுக்க அரமேயமும் இல்லை. மேற்கோள் எபிரேயத்தில், அதைப் பிடித்து உலுக்கும் விவாதம் அரமேயத்தில். நம்மாழ்வாருக்கு எழுந்த ஈடு வியாக்கியானத்தை மணிப்பிரவாள நடையில் வாசித்தவர்களுக்கு அந்தக் கலவை பிடிபடும். டேனியல் பாம்பெர்க் என்ற கிறித்தவ அச்சகர் 1520 முதல் 1523 வரை வெனிஸில் முழுத் தல்மூத்தை அச்சிட்டார். தாளெண்ணும் பக்க அமைப்பும் இன்றுவரை அவர் வகுத்த வழியில்தான். நடுவில் மூலம். தையல் ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டின் ராஷி, நம் பதவுரைகாரர்போல் சொல் சொல்லாகக் கைப்பிடித்து நடத்துபவர். வெளி ஓரத்தில் தோசாஃபோத் என்ற உரை. ராஷியின் பேரன்மாரும் அவர்களுக்குப் பின்வந்தவர்களும் தாத்தாவோடு மல்லுக்கட்டும் இடம். உயிர்க்குறி கிடையாது. கேள்விக்குறி கிடையாது. புள்ளியில்லாத ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாக்கியம் கேள்வியா, பதிலா, கிண்டலா என்பதை வாசிப்பவர் தீர்மானித்தாக வேண்டும். தவறாகத் தீர்மானித்தால் நான்கு வரி தள்ளிச் சுவரில் முட்டிக்கொள்வீர்கள்.

தல்மூத்தின் முதல் தாளிலேயே நான் முட்டிக்கொண்டேன். மிஷ்னா தொடங்குவது இப்படி: மாலையில் ஷெமா (யூதர்கள் காலையும் மாலையும் ஓதும் விசுவாச அறிக்கை) ஓதுவது எந்நேரத்திலிருந்து? ஆசாரியர்கள் தங்களுக்குரிய காணிக்கைப் பங்கை உண்ண உள்ளே போகும் நேரத்திலிருந்து. அடுத்து கெமாராவின் முதல் வரி, 'தன்னா ஹேகா காயி'. சொற்கள் மூன்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அகராதியும் இருந்தது. 'எங்கே' என்று பொருள்படும் 'ஹேகா'வை 'இங்கே' என்று எடுத்துக்கொண்டு, 'ஆசிரியர் இங்கே நிற்கிறார்' என்று ஒரு வாக்கியமாக வாசித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தேன். எதிரே இருந்த மருந்துக் கடைக்காரர், "நிற்கட்டும், அதனால் என்ன?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை முழுக்க அந்த ஒரே வரி. அது கேள்வி என்று மறுநாள்தான் உறைத்தது: ஷெமா ஓத வேண்டும் என்றே இன்னும் யாரும் சொல்லவில்லை, அதற்குள் 'எப்போதிலிருந்து' என்கிறாயே, நீ எங்கே நின்றுகொண்டு பேசுகிறாய்? நூல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதற்குள் ஆசிரியரையே நிறுத்திக் கேட்கிறார்கள். படுக்கும்போதும் எழும்போதும் என்கிற உபாகம வசனத்தின் மேல் நிற்கிறார் என்று பதில் வருகிறது. ஏழெட்டு வரியைக் கடக்க எங்களுக்கு மூன்று மாலை ஆயிற்று. அர்த்தத்தை மட்டும் சொல்வதென்றால் அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். சொல்லவில்லை. அந்த உபகாரத்துக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இந்த இருவர் படிப்புக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். தோழமை என்று பொருள்படும் அரமேயச் சொல். பேத் மித்ராஷ் எனப்படும் படிப்புக்கூடத்துக்குள் முதன்முறை நுழைந்தபோது, நூலகம் என்று நினைத்துச் செருப்பை மெல்ல வைத்தேன். உள்ளே சந்தைக்கடை. மேசைக்கு இருவராக உட்கார்ந்து, உரக்க வாசித்து, கட்டைவிரலை ஆட்டி ஆட்டி, ஒருவித ராகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ராகமும் சும்மா இல்லை. கேள்வி மேலே ஏறும், பதில் கீழே இறங்கும், அச்சில் இல்லாத நிறுத்தக்குறிகளைக் குரல் போடுகிறது. பொதுவாக ஒரு பாடத்துக்கு இரண்டு பகுதி: முதலில் இருவரும் தாங்களே முட்டி மோதித் தயாரிக்கும் நேரம், பிறகுதான் ஆசிரியரின் வகுப்பு. நேரத்தில் பெரும்பங்கு முதல் பகுதிக்குப் போகும்.

எதற்கு இந்தச் சண்டை என்பதற்குத் தல்மூத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ரபி யோஹனானும் ரேஷ் லாகிஷும் படிப்புத் தோழர்கள், மைத்துனர் உறவும் உண்டு. ஒரு வாக்குவாதத்தில் யோஹனான் வாய்தவறிக் குத்திவிட, மனம் முறிந்து ரேஷ் லாகிஷ் இறந்துபோகிறார். துக்கத்தில் இருப்பவருக்குத் துணையாக எலாசர் பென் பெதாத் என்ற நல்ல படிப்பாளியை அனுப்புகிறார்கள். யோஹனான் எது சொன்னாலும் அவர், 'நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது' என்று எடுத்துக்காட்டுகிறார். யோஹனான் வெடிக்கிறார்: நீ ரேஷ் லாகிஷ் ஆவாயா? நான் ஒன்று சொன்னால் அவன் 24 தடை எழுப்புவான், நான் 24 விடை சொல்வேன், விஷயம் தானாகத் தெளியும். நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆடையைக் கிழித்துக்கொண்டு அவனைத் தேடி அழுது, புத்தி பேதலித்து இறந்தார் என்று முடிகிறது.

உங்கள் ஒரு வருடத்துக்கு நீங்கள் வாங்கப்போவது இதைத்தான். நீங்கள் அவசரமாகப் புரிந்துகொண்டதை 'அதனால் என்ன' என்று கேட்கும் ஒரு மனிதரை, தினமும் பல மணி நேரம். தகவல் அல்ல, மொழித்தேர்ச்சிகூட அல்ல, அது கூடவே வந்துசேரும் கூலி. மூழ்கிப் படிப்பதென்றால் சொற்களுக்குள் மூழ்குவது என்று நினைத்துப் போகிறவர்கள் மூன்றாம் மாதம் சோர்ந்துவிடுகிறார்கள். நானே ஊரில் ஒரு தீவிர வகுப்பில் சேர்ந்து நாளைக்கு ஐம்பது சொல் உருப்போட்டு, ஆறு வாரம் கழித்து ஒரு சங்கீதத்தைக்கூட முழுதாக வாசிக்க முடியாமல் வெளியே வந்தவன்.

எங்கே போவது? வயதுவந்தவர்களுக்கு, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்க ஜெருசலேமில் 1972இல் தொடங்கிய பார்தெஸ், நியூயார்க்கில் 2006இல் தொடங்கிய ஹதார் ஆகிய கல்விக்கூடங்கள் பெயர்பெற்றவை. பெண்களுக்குத் தல்மூத்தின் கதவு நெடுங்காலம் சாத்தியிருந்தது. அதைத் திறந்தவற்றில் ஒன்று நியூயார்க்கின் திரிஷா, 1979. இவையெல்லாம் யூதர்களை மனத்தில் வைத்து உருவானவை என்பதை மறக்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன் நான் இன்னார், இதற்காக வருகிறேன் என்று உள்ளதை எழுதிக் கேளுங்கள். மறுத்தால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. எபிரேயப் பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் பள்ளி நடத்தும் கோடைகால மொழி வகுப்பில் மதம் ஒரு பொருட்டே இல்லை. நான் போன வழி அதுதான். போர்ச்சூழல், விசா இவற்றைப் பயணம் முடிவாகும் நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், நான் இன்று எழுதுவது நாளை பொய்யாகலாம். யூதரல்லாதவர் தோரா, அதாவது யூத வேதம், படிக்கலாமா என்ற கேள்வியைத் தல்மூத்தே விவாதிக்கிறது: சன்ஹெத்ரின் பகுதி, 59ஆம் தாள். படித்தால் மரணத்துக்கு உரியவன் என்கிறார் ஒருவர். படிக்கிறவன் பிரதான ஆசாரியனுக்குச் சமம் என்கிறார் ரபி மேயிர். இரண்டும் ஒரே பக்கத்தில். எல்லா மனிதருக்கும் உரிய ஏழு கட்டளைகளைப் படிப்பதைத்தான் மேயிர் சொன்னார் என்று கெமாரா சமாதானம் செய்கிறது. அந்தக் கடுமையான வாக்கைச் சொன்னவர் யார் தெரியுமா? அதே ரபி யோஹனான். இதை என் மருந்துக் கடைக்காரரிடம் காட்டி, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். "59ஆம் தாள் வரை நீ வந்துவிட்டாய் என்றால் இனி என்ன செய்வது, டீ போடுகிறேன்" என்றார்.

பேச்சு எபிரேயம் முதலா, பழையதா என்பதில் ஆசிரியர்களிடையே ஒற்றுமை கிடையாது, என் கருத்தை மட்டும் சொல்கிறேன். பழையதை மட்டும் கற்றுக்கொண்டு போன நான் மஹனே யெஹூதா சந்தையில் தக்காளி கேட்டபோது 'நான்' என்பதற்கு 'அனோகி' என்றேன். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். அது நம் ஊரில் 'யான் தக்காளி வேண்டினேன்' என்பதுபோல. இன்று வழங்குவது 'அனி'. மறுபக்கம், பேச்சு மொழியில் பழகியவர்கள் வேதத்தை வேகமாக வாசிப்பார்கள், ஆனால் தெரிந்த சொல் என்று நினைத்து இடறுவார்கள். எதிர்கால வடிவில் தெரியும் வினை முன்னொட்டு ஒன்றோடு சேர்ந்து கடந்தகாலம் சொல்லும் பழைய வழக்கு பேச்சில் இன்று இல்லை. உங்கள் இலக்கு நூல்தான் என்பதால், பழையதில் தொடங்குங்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே இன்றைய உச்சரிப்பில், வாய்விட்டு. கண்ணால் மட்டும் கற்ற எபிரேயம் படிப்புக்கூடத்தில் ஊமை.

ஓராண்டு முடிவில் எங்கே நிற்பீர்கள்? உழைத்தால், ஆதியாகமம், ரூத், யோனா போன்ற உரைநடையை அகராதியை அவ்வப்போது புரட்டி வாசிப்பீர்கள். இது உறுதி. மிஷ்னாவை நிதானமாக வாசிப்பீர்கள், ஏறக்குறைய உறுதி. தானியேலிலும் எஸ்றாவிலும் உள்ள அரமேயப் பகுதிகள் கைக்கு எட்டும். துணையோடும் ராஷியோடும் தல்மூத்தின் ஒரு பக்கத்தை ஒரு வாரத்தில் கடப்பீர்கள் என்பது நம்பிக்கை, உறுதியில்லை. யோபுவின் கவிதை கைக்கு வராது. எனக்கே இன்னும் வரவில்லை. தினம் ஒரு தாள் என்று 1923இல் தொடங்கிய தாஃப் யோமி வழக்கப்படி போனால்கூட 2,711 தாளுக்கு ஏழரை வருடம் ஆகிறது.

தமிழ்ச் சொல் விஷயம். 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவருவதில் 'துக்கிய்யீம்' ஒன்று. தமிழ் வேதாகமத்தில் மயில்கள். இது நம் 'தோகை' என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் பரவலாக்கியது. எபிரேய வேரில் பிறந்த சொல்லாகத் தெரியவில்லை என்பது வரை சரி. ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் மயிலைச் சொல்லவில்லை, செதுக்கிய கற்கள் என்கிறது. எகிப்தியச் சொல்லோடு சேர்த்து ஒருவகைக் குரங்கு என்று சொன்ன அறிஞரும் உண்டு. எனக்கு மயிலாக இருக்கட்டும் என்றுதான் ஆசை. ஆசை சான்றாகாது. வேடிக்கை என்னவென்றால் இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி.

டிக்கெட் எடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளைத் தேடுங்கள். அறிஞராக இருக்க வேண்டாம். உங்களோடு ஒத்துப்போகாதவராக இருந்தால் நல்லது. சேரம்பூர் பாடத்திட்டத்தில் இயங்கும் இறையியல் கல்லூரிகளில் எபிரேயம் உண்டு. அங்கே படித்த ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும். இல்லாவிட்டால் இணையத்தில் ஒருவர். செஃபாரியா தளத்தில் மூலங்கள் இலவசம். தல்மூத்துக்கு ஸ்டைன்சால்ட்ஸின் மொழிபெயர்ப்பும் இருக்கிறது, முதலில் அதை மூடி வைத்துவிட்டு வாசியுங்கள். எழுத்தும் அடிப்படை இலக்கணமும் கற்ற பிறகு மூன்று மாதத்துக்கு ரூத்தின் நான்கு அதிகாரம், 85 வசனம், போதும்.

முதல் வசனமே உங்களை நிறுத்தும். 'வய்ஹி பிமே ஷ்ஃபோத் ஹாஷோஃப்திம்'. நியாயாதிபதிகள் நியாயம் விசாரித்த நாட்களில் என்று இதைப் படித்திருப்பீர்கள். எபிரேயத்தில் இருப்பது 'நியாயாதிபதிகளின் நியாயம் விசாரித்தல்' என்ற தொடர். விசாரித்தவர்கள் அவர்களா, விசாரிக்கப்பட்டவர்கள் அவர்களா? தன் நியாயாதிபதிகளையே விசாரித்த தலைமுறை அது என்கிறார் ரபி யோஹனான். உங்கள் கூட்டாளி ஒன்றைச் சொல்லட்டும், நீங்கள் மற்றதைச் சொல்லுங்கள். ஒரு மாலை அதிலேயே போனால் இங்கே வந்து எழுதுங்கள், பயணத்தைப் பற்றி மேலே பேசலாம்.